பின்சீட்டுக்காரர் வாகரைக்குப் போன கதை

பனிச்சங்கேணிப் பாலத்துக்குச் சற்று முன்னால், உச்சி வெயிலில், வீதியோரப் புழுதியில் பக்கவாட்டாகப் படுத்துக்கொண்டு, ரோலண்ட் ஒரு ஸ்கூட்டரின் வயிற்றில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. அந்த வழியால் வந்த லொறிக்காரர் வேகத்தைக் குறைத்து, "என்ன அண்ணன், அக்சிடன்ட்டா?" என்று கேட்டார்.

"இல்ல, வைத்தியம்" என்றான் தவம்.

லொறி போய்விட்டது. களப்புப் பக்கமிருந்து உப்பும் சேறும் கலந்த வாடை வந்தது.

"என்னடா கேக்குது?" என்று தவம் குனிந்து கேட்டான்.

"ஒண்டும் கேக்கல்ல மச்சான். அதுதான் பிழை."

நான் பத்தடி தள்ளி, ஓடிக்கொண்டிருந்த என் ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் இருந்தேன். உதவி செய்ய மனம் இருந்தது. ஆனால் ஒரு முறை நிறுத்திவிட்டால் மறுபடி கிளப்பி, அதே வீதியில், அதே திசையில் செலுத்த முடியுமா என்ற சந்தேகமும் இருந்தது.

எங்கள் மூவரின் வயதையும் கூட்டினால் நூற்றறுபது வரும். ஸ்கூட்டர்கள் மூன்றின் வயதையும் கூட்டினால் நாற்பதைத் தாண்டும். வாகரைக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான் இருந்தது. எங்கே பிழைத்தது என்று சொல்வதானால் பிழைகளை வரிசையில் நிறுத்த வேண்டும். வரிசையில் முதல் ஆள் நான்.

மடியில் தராசு

என் மனைவி வசந்தி எங்கள் பகுதியின் மருத்துவிச்சி. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஊர் சுருக்கமாக ‘மிஸி’ என்கிறது. பெரியகல்லாற்றிலும் பக்கத்து ஊர்களிலும் இப்போது மீசை முளைத்துத் திரிகிற பாதிப் பேரைத் தூக்கி எடுத்தவள் அவள்தான். இந்த வேலையெல்லாம் ஸ்கூட்டரில் நடக்கிறது.

போகிற வழியில் என்னைக் களுவாஞ்சிக்குடியில், நான் வேலை பார்க்கும் வாசிகசாலையில் இறக்கிவிடுவாள். இருபத்திரண்டு வருடங்களாக இதுதான் ஏற்பாடு. அவள் முன்னால், நான் பின்னால், என் மடியில் குழந்தை நிறுக்கும் தராசு.

ஊரில் என் பெயர் பலருக்குத் தெரியாது. ‘மிஸிட பின்சீட்டு’ என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். ஒரு முறை புதுத் தாய் ஒருத்தி, வசந்தி கை கழுவப் போன இடைவெளியில், பிள்ளையை என் கையில் தந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் நிறுத்தேன். முள்ளைப் பார்த்து, "பரவாயில்ல" என்றும் சொன்னேன். அந்தத் தாய் இன்றைக்கும் என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள்.

எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. ஆனால் லைசன் இருக்கிறது. இளவயதில் ஊரெல்லாம் எடுத்தபோது நானும் எடுத்தேன். அன்றைக்கு அந்த எட்டை எப்படிப் போட்டு முடித்தேன் என்பது எனக்கும் தெரியாது, பரிசோதித்தவருக்கும் தெரியாது. இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் பிரிந்தோம்.

ஓட்டத் தெரியாதவன் பின்னால் இருக்கும்போது சும்மா இருக்க மாட்டான். மாடு குறுக்கே வந்தால், பஸ் திரும்பினால், என் வலது கால் தானாக மிதிக்கட்டையை அழுத்தும். அங்கே பிரேக் எதுவும் இல்லை என்பது தலைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. வசந்தியின் ஸ்கூட்டரில் பின்பக்க வலது மிதியின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரியும். இடது மிதி கடையில் வாங்கிய மாதிரியே இருக்கும். ரோலண்ட் ஒருநாள் அதை உற்றுப் பார்த்து, "இது என்ன மச்சான், ஒரு பக்கத் தேய்மானம்?" என்று கேட்டான்.

வீதி சரியில்லை என்று சொன்னேன்.

சைக்கிளில் போகாத பயணம்

ரோலண்டும் தவமும் நானும் மட்டக்களப்பு நகரத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ரோலண்ட் பறங்கியர் தெருப் பிள்ளை. வெல்டிங் வேலையில் கெட்டிக்காரன். கல்லாற்றில் பெண் எடுத்து எங்கள் பக்கமே வந்துவிட்டான். எஞ்சின் பிடிவாதம் பிடித்தால் அவன் தாயின் போர்த்துக்கேயத்தில் திட்டுவான். தமிழில் திட்டினால் வீட்டில் விளங்கிவிடும் என்பது காரணம். தவம் கணக்கு வாத்தியார். களுவாஞ்சிக்குடியில் கலியாணம், படுவான்கரையில் வயல்.

பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனை, ஏ.எல்., முடிந்த கிழமை மூன்று சைக்கிள்களில் வாகரைக்குப் போவதென்று தீர்மானித்தோம். ரோலண்ட் செயினுக்கு எண்ணெய் விட்டான், தவம் தூரத்தைக் கணக்குப் பார்த்தான், நான் போகும் வழியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவைத்தேன். நாங்கள் தயாரானபோது பாதை தயாராக இல்லை. சண்டையால் அது பூட்டப்பட்டது, திறந்தது, மறுபடி பூட்டப்பட்டது. ஒழுங்காகத் திறந்தபோது மூவருக்கும் கலியாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருக்கலாம். போகவில்லை. பஸ்ஸில் போனால் அது வேறு பயணம்.

இந்த வருடத் தொடக்கத்தில் தேத்தண்ணிக் கடையில் தவம்தான் கிளப்பினான்.

"வாகரைக்கு ஒருக்காப் போவமாடா?"

"சைக்கிள்லயா?" என்றேன்.

"முழங்கால் விடாது. ஸ்கூட்டர்ல."

"எங்கிட்ட எங்க ஸ்கூட்டர் இரிக்கு?"

"செய்வம்" என்றான் ரோலண்ட். பணிஸைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டே சொன்னான்.

அன்று வீட்டுக்கு வந்து வசந்தியிடம் விசயத்தைச் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"ஆர் ஓட்டுறது?"

"நான்தான்."

கத்தி நின்றது.

"ஏன், நான் ஓட்டினா நீ பின்னால ஏற மாட்டியா புள்ள?" என்று கேட்டுவைத்தேன். பகிடியாகத்தான் தொடங்கினேன். கேட்டு முடிக்கும்போது பகிடி கொஞ்சம் குறைந்திருந்தது.

அவள் என் பக்கம் கிறுகிப் பார்த்தாள். "எத்தின பிள்ளைகள இந்த உலகத்துக்கு எடுத்துவிட்டிருக்கன். நானும் இன்னும் கொஞ்ச நாள் இஞ்ச இரிக்கணும் எண்டு பாக்கிறன்." பிறகு மீனின் தலையைத் துண்டாக்கிவிட்டுச் சொன்னாள். "முதல்ல வாகரைக்குப் போய், கையும் காலும் முழுசாத் திரும்பி வாங்க. மறுகா பாப்பம்."

இருபத்திரண்டு வருடங்களில் அவளிடமிருந்து இந்த விசயத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வாக்குறுதி, பிறகு பார்ப்போம் என்கிற அந்த ‘மறுகா பாப்பம்’தான். வாகரைக் கடல் அதற்குப் பிறகு எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. வாசகர்கள் இதை ரோலண்டிடமும் தவத்திடமும் சொல்ல வேண்டாம்.

அடைகாத்த ஸ்கூட்டர்

நல்ல ஸ்கூட்டரின் விலை இப்போது எங்களைப் போன்றவர்களைப் பக்கத்தில் நிற்க விடாது. ஆகவே ஓடாத ஸ்கூட்டர்களாகப் பார்த்து வாங்கினோம். எங்கள் ஊர்களில் அதற்குக் குறைவில்லை. பெண்ணுக்கு வீட்டோடு ஸ்கூட்டரும் கொடுப்பார்கள். பெண் புருசனோடு கனடாவுக்குப் போய்விடுவாள். ஸ்கூட்டர் வீட்டுக்குப் பின்னால் கோடியில் மழையில் நிற்கும்.

ஒரே இனத்தில் மூன்று வேண்டும் என்றான் ரோலண்ட். ஒன்றின் சாமானை மற்றொன்றுக்குப் போடலாம். சிவப்பு ஒன்று கிடைத்தது, நீலம் ஒன்று கிடைத்தது. மூன்றாவதன் நிறத்துக்குத் தமிழில் சொல்லில்லை; நான் தேடிப் பார்த்துவிட்டேன். அது நின்ற வீட்டில் சீட்டைத் திறந்தால், உள்ளே பெட்டிக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கார அம்மா தெளிவாகச் சொன்னார். "வண்டிய இப்பவே எடுங்க தம்பி. பெட்டிய மட்டும் குஞ்சு பொரிச்ச பிறகு எடுங்க."

பெட்டி ஸ்கூட்டரோடு பூட்டப்பட்டிருந்தது. காத்திருந்தோம். பன்னிரண்டாவது நாள் தகவல் வந்தது: ஒன்பது குஞ்சு, எல்லாம் சுகம். வசந்தி அதைக் கேட்டுவிட்டு, "நல்ல வண்டி. அதையே நீங்க எடுங்க" என்றாள்.

வீடில்லாத மூவர்

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாயின் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மகன் கலியாணமாகி மனைவியின் வீட்டுக்குப் போவான். நல்ல வழக்கம், எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனால் எண்ணெய் ஒழுகும் மூன்று ஸ்கூட்டர்களை வைத்துக்கொண்டு ஓர் ஆண் எங்கே போய் நிற்பது என்பதை அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் யோசித்திருக்கவில்லை.

முதலில் எங்கள் வளவில் வைத்தோம். மூன்றாம் நாள் வசந்தியின் கருவேப்பிலைக் கன்று எண்ணெய் பட்டு வாடியது. ரோலண்டின் வீட்டுக்குப் போனோம். அவன் மாமியார் ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் வரும் நேரத்தில், ரோலண்ட் எஞ்சினைப் போர்த்துக்கேயத்தில் திட்டினான். வந்தவர்களில் ஒரு கிழவிக்குப் போர்த்துக்கேயம் தெரிந்திருந்தது. தவத்தின் வீட்டில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வாசலில் பழைய இரும்பு கிடக்கக் கூடாதாம்.

கடைசியில் பட்டிருப்புப் பாலம் கடந்து, தவத்தின் வயல் வாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். தென்னோலைக் கூரை, நாலு கம்பு. காவலுக்குப் படுக்கிற இடம். அந்த வயலும் அவன் மனைவியின் சீதனம்தான். ஆனால் அறுவடை முடிந்துவிட்டதால் அவளுக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கவில்லை.

இரண்டு மாதம் சனி ஞாயிறுகள் அங்கே போயின. ரோலண்ட் எஞ்சினைப் பிரிப்பான். தவம் ஆணிகளைச் சிரட்டைகளில் போட்டு இலக்கமிடுவான். நான் பெற்றோலில் கழுவுவேன். நிறமில்லாத ஸ்கூட்டரின் பெட்டியிலிருந்து கடைசி நாள்வரை இறகு வந்துகொண்டேயிருந்தது. மத்தியானம் சோறும் களப்பு மீன் குழம்பும். கையை எத்தனை தரம் கழுவினாலும் சோற்றில் லேசாகப் பெற்றோல் மணக்கும். அதைப் போல ருசியாக நான் எங்கேயும் சாப்பிடவில்லை.

வேலை முடிந்ததும், "ஒரு சுத்துச் சுத்திப் பாக்கிறன்" என்று சொல்லி, நான் என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வயல் வட்டையின் மறுகரைக்குப் போவேன். அறுத்த வயல், கண்ணுக்கெட்டிய மட்டும் வெறுமை, மோதுவதற்கு ஒன்றுமே இல்லை. அப்படியும் ஒருநாள் வாய்க்காலைக் கண்டுபிடித்துவிட்டேன். சேற்றோடு திரும்பி வந்தபோது இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது என்பதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்று சந்தோசப்பட்டேன்.

ரோலண்டின் செருப்பு

ஆகவே, பனிச்சங்கேணி.

விடியக் கல்லாற்றிலிருந்து புறப்பட்டோம். கல்லடிப் பாலம், நகரம், ஏறாவூர், ஓட்டமாவடி. நான் நடுவில். எனக்கு முன்னால் தவம், பின்னால் ரோலண்ட். அந்த ஒழுங்கை அவர்கள் ஒருதரமும் மாற்றவில்லை. மணிக்கு முப்பத்தைந்துக்கு மேல் நான் போகவில்லை. ஒரு இடத்தில் தயிர்ச் சட்டிகள் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போனார். போகும்போது மணியும் அடித்தார்.

இப்போது சிவப்பு ஸ்கூட்டர் நின்றுவிட்டது. ரோலண்ட் எழுந்து, பெற்றோல் குழாயைக் கழற்றி, உள்ளேயிருந்து கறுப்பாக ஊதிப்போன ஒரு ரப்பர் வளையத்தைக் கிள்ளி எடுத்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"வாசர். பெற்றோல்ல ஊறிப் பெருத்து வழிய அடைச்சிற்று."

"இது என்ன வாசர்?" என்றான் தவம். "கடைச் சாமான் மாதிரித் தெரியல்லயே."

"என்ட பழைய செருப்புல வெட்டினது."

எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், முப்பது வருசமா வெல்டிங் பாஸ் வேலை செய்யிறாய். நூறு கிலோமீற்றர் வாற வண்டிக்குச் செருப்ப வெட்டிப் போடுவியா? நல்ல வாசர் மூண்டு வண்டியிலயும் இருந்துதே?"

"மூண்டுலயும் எங்க இருந்த? ஒண்டுலதான் இருந்த."

"அது எங்க?"

ரோலண்ட் என் ஸ்கூட்டரைக் காட்டினான்.

தவம் களப்பைப் பார்க்கத் தொடங்கினான். கணக்கு வாத்தியார்மார் பொய் சொல்ல வேண்டி வந்தால் தூரத்தில் எதையாவது பார்ப்பார்கள்.

"வாசர் மட்டுமில்ல" என்றான் ரோலண்ட். "ரெண்டு ரயரும் உன்டதுதான் நல்லது. பிரேக்கும் அப்பிடித்தான். தவத்திட வண்டிக்குப் பின்னுக்கு மிதிக்கட்டையே இல்ல, பாத்தியா? அதுவும் உன்டதுலதான் இரிக்கு."

"ஏன்டா?"

"தங்கச்சி வந்தவ."

"ஆரு?"

"வசந்திதான், வேற ஆரு? நீ வாசிகசாலைக்குப் போன ஒரு சனிக்கிழமை. வேலைக்கு வந்த வழியில வாடிக்குள்ள வந்து, மூண்டு வண்டியயும் தடவித் தடவிப் பாத்தவ. பிரேக்க அமத்திப் பாத்தவ. ‘அண்ணன், நல்லதெல்லாத்தையும் ஒண்டுல போடுங்க. அந்த ஒண்ட அவருக்குக் குடுங்க. அவருக்கு ஓடத் தெரியாது’ எண்டவ."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஏ.எல். படிக்கக்குள்ள இருந்து தெரியும்" என்றான் தவம், களப்பைப் பார்த்தபடியே. "நீ எட்டுப் போட்ட அண்டைக்கு மதிலுக்கு மேல இருந்து பாத்தது நாங்கதானே."

ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன்.

ரோலண்ட் கையைத் துடைத்தான். "இன்னொண்டும் சொன்னவ. பின்மிதி ரெண்டையும் நல்லதாப் பாத்துப் போடச் சொன்னவ. ஏனெண்டு நான் கேக்கல்ல."

நானும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சிவப்பு ஸ்கூட்டரைப் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒப்படைத்தோம். ஆள் ஏறக்கூடிய வண்டி ஒன்றுதான் இருந்தது. ரோலண்ட் வந்து என் பின்னால் ஏறினான். ஸ்கூட்டர் ஒரு பெருமூச்சு விட்டது. இத்தனை வயதில் எனக்குப் பின்னால் ஒரு மனிதர் ஏறியது அதுதான் முதல் தடவை.

பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தது. என் காதுக்குள் ரோலண்ட் தொடங்கினான். "மெல்ல. மெல்லடா. அங்கால பள்ளம். மாடு! மாட்டப் பாரு. ஹோர்ன அடி. அடிக்காத, மாடு வெருளும்." இத்தனையும் நான் இருபத்திரண்டு வருடம் வசந்தியின் காதுக்குள் சொல்லிவந்த வசனங்கள். சொல்லுக்குச் சொல் அதே. அவள் ஒரு நாள்கூட என்னை வீதியில் இறக்கிவிடவில்லை என்பதை அந்தப் பாலத்தின் மேல்தான் நினைத்துப் பார்த்தேன்.

வாகரையில் கடல் அமைதியாக இருந்தது. மூன்று வயிறுகளும் தண்ணீரில் மிதந்தன. படகு எஞ்சின் திருத்தும் ஒருவர் ரோலண்டின் செருப்பு வாசரைக் கையில் வாங்கி, நெடுநேரம் சிரித்துவிட்டு, பெற்றோலுக்குத் தாங்கும் ஒன்றைத் தந்தார். தவத்தின் பழைய மாணவர் வீட்டில் இறால் சாப்பிட்டுத் தங்கினோம். வசந்தி சொல்லிவிட்டபடி ஒரு போத்தல் தேன் வாங்கி, கோழி பொரித்த பெட்டிக்குள், நான் உடுக்கும் சாரத்தில் சுற்றி வைத்தேன்.

மறுகா

அடுத்த நாள் பின்னேரம் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். வசந்தி முற்றத்துக் கொடியில் தராசின் துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வந்து முதலில் ஸ்கூட்டரின் பிரேக்கை அமத்திப் பார்த்தாள். பிறகு என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள். பிறந்த பிள்ளையை அவள் பார்க்கிற அதே ஒழுங்கு. எல்லாம் எண்ணிக்கைக்குச் சரியாக இருந்திருக்க வேண்டும்.

"தேன்?"

எடுத்துக் கொடுத்தேன். உடையவில்லை. ஒரு இறகு ஒட்டியிருந்தது.

"ரோலண்ட் எல்லாம் சொன்னான்" என்றேன்.

"அந்தாளுக்கு வாய் நிக்காது" என்று சொல்லிவிட்டுத் தேனை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வரும்போது கையில் சந்தைப் பையும் ஹெல்மெட்டும் இருந்தன.

"மரக்கறி ஒண்டுமில்ல. களுவாஞ்சிக்குடிக்குப் போகணும்."

நான் வழக்கம்போல அவளுடைய ஸ்கூட்டருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"எங்க போறீங்க?" என்றாள். "உங்கட வண்டிய எடுங்க."

எடுத்தேன். அவள் ஏறினாள். ரோலண்டின் எடையைச் சுமந்து பழகிய பிறகு, பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் இறங்கிவிடுவாள் என்று வீதியை மட்டும் பார்த்தேன்.

வீதி முடக்கில், மிஸியைக் கண்டால் வழக்கமாகக் கைகாட்டுகிறவர்கள் ஒருவரும் கைகாட்டவில்லை. கடை வாசலில் ஒரு கிழவர் மட்டும் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். வசந்தி ஒரு வார்த்தை பேசவில்லை. மெல்ல என்றோ, பள்ளம் என்றோ ஒன்றும் இல்லை. நான் பின்னால் இருந்ததைவிட அவள் நல்ல பின்சீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஒரு மாடு, யோசித்து யோசித்து, வீதியின் நடுவுக்கு வந்தது.

பின்பக்கம், வலது மிதிக்கட்டையில், ஒரு அழுத்தம் இறங்கியது. எனக்கு நன்றாகத் தெரிந்த அழுத்தம்.

நான் பிரேக்கைப் பிடித்தேன். இருவரும் சேர்ந்துதான் பிடித்தோம். மாடு கடந்து போகும் மட்டும் அங்கேயே நின்றோம்.